உடையாத உருளைகள்

வாயை இன்னும் கொஞ்சம் திறங்க என்கிறாள் டாக்டர் உமையாள். இதற்கு மேல் திறந்தால் தாடை கழன்று அவள் கையோடு வந்துவிடும், ஆனாலும் திறக்கிறேன், எதிர்த்துப் பேச வழியில்லை, கண்ணாடி, பஞ்சு, எச்சில் உறிஞ்சுகிற குழாய் எல்லாம் உள்ளே குடியேறியாகிவிட்டது. வேளச்சேரியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிற கிளினிக் இது, கீழேயிருந்து பப்ஸ் வாசனை வருகிறது, பல் டாக்டருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது, பேக்கரிக்காரர் ஆளை அனுப்பிக்கொண்டே இருப்பார். இப்படி எதையாவது நினைத்துக்கொண்டிருந்தால் வெட்கம் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. மல்லாந்து படுத்திருக்கிறேன், முகத்துக்கு நேரே விளக்கு, என் மகள் வயதுப் பெண் ஒருத்தி என் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உதவிக்கு நிற்கிற கிரேஸிடம் இது சொத்தை, இதுவும் சொத்தை என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போகிறாள். காலையில் திரும்பத் திரும்பப் பல் தேய்த்துவிட்டு வந்தேன், பரீட்சை மண்டபத்து வாசலில் நின்று புத்தகத்தைப் புரட்டுகிறவள் மாதிரி, ஈறு எரிகிறது, அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள், "இன்னைக்கு மட்டும் ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்கீங்க போல மேடம்" என்றாள், இன்னைக்கு மட்டும் என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை, எனக்குத்தான் அழுத்திக் கேட்டது. நேற்றிலிருந்து எனக்கு எல்லாமே அப்படித்தான் கேட்கிறது. மூன்று மணிக்கு மீட்டிங். அதற்குள் இந்த வாயைச் சரிபண்ணிக்கொண்டு போய்ப் பேச வேண்டும்.

ஊசி போடுவதற்கு முன்னால், நாக்கு இன்னும் என் நாக்காக இருந்தபோது, என்ன வேலை பார்க்கறீங்க என்று கேட்டாள். சிமெண்ட் ஆராய்ச்சி என்றேன். வீடு கட்டற சிமெண்ட்டா என்றாள். இல்லை, கிணற்றுக்குள் ஊற்றுகிற சிமெண்ட் என்று ஆரம்பித்து, எனக்கு இதைச் சொல்ல எப்போதுமே பிடிக்கும், புகைபோக்கியில் வருகிற கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, அமுக்கி, எண்ணெய் தீர்ந்துபோன இடத்தில் ஆழத்துப் பாறைக்குள் செலுத்திவிடுவது, வானத்துக்குப் போகாமல் பூமிக்குள்ளேயே கிடக்கும், எல்லாம் சரி, அந்தப் பாறையை ஏற்கெனவே எண்ணெய்க்காக ஊரெல்லாம் துளைத்து வைத்திருக்கிறோமே, அந்தத் துளைகள் என்ன ஆவது? ஒவ்வொரு துளையிலும் ஓர் இரும்புக் குழாய், குழாய்க்கும் பாறைக்கும் நடுவே மோதிரம் மாதிரி ஒரு சிமெண்ட் வளையம், அதில் பாதி நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஊற்றியது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் சோடா, சோடா என்றால் அமிலம், அமிலம் சிமெண்ட்டில் இருக்கிற சுண்ணாம்பைக் கரைக்கும். எவ்வளவு வேகத்தில் கரைக்கும், ஆயிரம் வருஷம் கழித்து அந்த வளையம் வளையமாக இருக்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. உமையாள் கையுறையை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "ஆயிரம் வருஷமா! கொடுத்துவச்சவங்க மேடம் நீங்க. எங்ககிட்டல்லாம் அடுத்த வருஷமே திரும்பி வந்து, என்ன டாக்டர் இப்படிப் பண்ணிட்டீங்கன்னு சண்டை போடுவாங்க." கிரேஸும் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அது உண்மை, என்னிடம் யாரும் திரும்பி வரப்போவதில்லை. பூங்கோதை என்று ஒருத்தி இருந்தாள், கணக்குப் போட்டாள், தப்பாகப் போட்டாள் என்று தெரியவரும்போது என் எலும்பில் இருக்கிற சுண்ணாம்புகூட மிஞ்சியிருக்காது. இவ்வளவு பத்திரமான வேலை ஊரில் வேறு எவருக்கும் வாய்த்ததில்லை.

மரத்துப்போகிறது. முதலில் உதடு, பிறகு கன்னம், பிறகு நாக்கின் வலது பக்கம், யாரோ அந்நியருடைய நாக்கை என் வாயில் வைத்துவிட்டுப் போன மாதிரி தடித்துக் கிடக்கிறது. மெஷின் ஓடுகிறது, அந்தச் சத்தம் மண்டைக்குள்ளேயே பிறந்து மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. வலியில்லை, வலிக்கப்போகிறது என்ற பயம்தான், பயத்துக்கு எந்த ஊசியும் போடுவதில்லை. "முன்னாடி மேல அடைச்சது அப்படியே கல்லு மாதிரி இருக்கு மேடம், ஓரத்துல கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கு, அது வழியா உள்ள போயி சொத்தையாயிருக்கு." வேண்டாம். இதை நான் ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. பல் வேறு, கிணறு வேறு. எதைப் பார்த்தாலும் தன் வேலையோடு முடிச்சுப் போடுகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, மாநாடுகளில் சாம்பார் வாளியைப் பார்த்துவிட்டு அடர்த்தி பற்றிப் பேசுகிறவர்கள். ஆனால் ஓரத்தில் இடைவெளி என்று சொன்னதும் முகம் சுட்டுவிட்டது, மரத்துப்போன பக்கம்கூடச் சுட்டது. முதல்ல உன் கை நடுங்காம எடுக்கப் பழகு. நேற்று இதைத்தான் சொன்னேன். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அறையில், டைரக்டர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சமோசாத் தட்டு மேஜையில் சுற்றிக்கொண்டிருக்க, ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னேன். முதல்ல உன் கை நடுங்காம எடுக்கப் பழகு, அப்புறம் கிணத்தப் பத்திக் கவலப்படலாம். எவ்வளவு சரளமாக வந்தது, யோசித்துக்கூடச் சொல்லவில்லை, யோசித்திருந்தால் இத்தனை நன்றாக வந்திருக்காது. டைரக்டர் சிரித்தார். டைரக்டர் சிரித்தால் மேஜை முழுவதும் சிரிக்க வேண்டும், அது எங்கள் இன்ஸ்டிட்யூட்டின் எழுதப்படாத விதி, சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். அவளும் சிரித்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவள் கேட்டது ஒன்றும் தப்பில்லை. தூத்துக்குடிப் பெண், எம்.டெக் முடித்துவிட்டு என்னிடம் திட்ட உதவியாளராக வந்தவள், பயந்த சுபாவம், எழுந்து நின்றுதான் பேசுவாள், உட்கார்ந்து பேசு என்றாலும் கேட்கமாட்டாள். சிமெண்ட்டை விரல் நீளத்துக்கு உருளை உருளையாக வார்த்து எடுப்பது அவள் வேலை. அந்த உருளைகளை ரப்பர் உறையில் போட்டு, அழுத்தக் கலனுக்குள் வைத்து, மாதக்கணக்கில் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, எத்தனை ஆழம் அரித்திருக்கிறது என்று அளந்து, அந்த அளவிலிருந்துதான் என் ஆயிரம் வருஷம் பிறக்கிறது. பழைய கிணறுகளில் ஊற்றிய அதே கலவையைத்தான் நாங்களும் கலக்கிறோம், அந்தக் கலவைக்கு ஒரு குணம், இறுகும்போது சுருங்கும், சுருங்கினால் விரிசல் விடும், அச்சிலிருந்து எடுக்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒன்று கீறலோடுதான் வரும். கீறல் விட்டதைக் கலனில் வைக்க முடியாது, உறையைச் சுற்றி அழுத்துகிற எண்ணெய் கீறல் வழியாக உள்ளே கசிந்து கலனே பாழாகிவிடும், கழற்றிக் கழுவி மாட்ட ஒரு வாரம். ஆகவே ஒதுக்கிவைத்துவிடுவோம். என் பிஎச்.டி. கைடு ஒதுக்கினார், அவரிடம் படித்த எல்லோரும் ஒதுக்கினோம், ஒதுக்குவது என்று அதற்கு ஒரு பேர்கூட நாங்கள் வைத்ததில்லை, அரிசியில் கல் பொறுக்குவதைப் போல அது பாட்டுக்கு நடக்கிற காரியம், எத்தனை என்று எவரும் குறித்ததில்லை. நேற்று ஜெசிந்தா எழுந்து நின்று, சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டே, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், கேட்டாள். "மேடம், நம்ம உடைஞ்சத ஒதுக்கி வச்சுட்டு நல்லத மட்டும் அளக்கோம். கிணத்துக்குள்ள அப்படி ஒதுக்கி வைக்க ஆளு கிடையாதுல்லா?" கேட்ட நொடியிலேயே எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லிவிட முடியாது, புரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், புரிந்தது, முழுக்கப் புரிந்தது, இந்தக் கலவை விரிசல் விடுகிற கலவை, ஆய்வகத்தில் விரிசல் விட்டால் கிணற்றிலும் விட்டுத்தான் இருக்கும், நான் கணக்குப் போட்டது விரிசல் விடாத சிமெண்ட்டுக்கு, அப்படியொரு சிமெண்ட் எந்தக் கிணற்றிலும் இல்லை, என் மேஜையில் மட்டும்தான் இருக்கிறது. புரிந்த பிறகுதான் வாயைத் திறந்தேன், உன் கை என்றேன்.

"எச்சிலை முழுங்காதீங்க மேடம், குழாய் எடுத்துக்கும்." சரி. அந்த அளவுகளை வைத்து நான் போட்ட வளைகோடு மிக அழகானது. அதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழகானது. முதலில் மளமளவென்று அரிக்கும், அரித்த இடத்தில் சுண்ணாம்புக்கல் படிந்து நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும், அதனால் போகப்போக மெதுவாகும், கோடு ஏறி, களைத்து, கடைசியில் படுத்துக்கொள்ளும். ஆயிரம் வருஷத்துக்கு ஒரு விரற்கடை. அந்த ஒரு விரற்கடையை வைத்துக்கொண்டு நான் டெல்லிக்குப் போயிருக்கிறேன், நார்வேக்குப் போயிருக்கிறேன், டைரக்டர் என்னை அறிமுகப்படுத்தும்போது பூங்கோதை சொன்னால் கல்வெட்டு என்பார், நான் அதெல்லாம் இல்லை சார் என்று தலையைக் குனிந்துகொள்வேன், குனிந்துகொண்டே எவரெவர் கேட்டார்கள் என்று பார்த்துக்கொள்வேன். கீறல் விட்ட ஓர் உருளையைக் கணக்கில் சேர்த்தால் கோடு படுக்காது. மெல்ல ஒழுகினால் கீறலும் சுண்ணாம்புக்கல் படிந்து அடைபடலாம், வேகமாக ஒழுகினால் அகலமாகிக்கொண்டே போகலாம், எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது, அளந்து பார்த்தால்தானே தெரியும். தெரியாது என்ற ஒரு வார்த்தை. டெல்டாவில் அந்தக் கிணறுகளைப் பார்க்கப் போனபோது வயலுக்கு நடுவே கம்பிவேலி போட்டு, இரும்புத் தலை மட்டும் துருத்திக்கொண்டிருந்த ஒன்றின் பக்கத்தில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வந்து, "இதுக்குள்ள எதையோ வுடப் போறதா சொல்றாங்களே, போர்த் தண்ணிக்கு ஒண்ணும் வந்துடாதுங்களே?" என்று கேட்டாள். சோடாவில் இருக்கிற காற்றுதாம்மா, கீழே போனது கீழேயே இருக்கும், உங்கள் பேரனுக்குப் பேரன் காலத்துக்கும் ஒன்றும் ஆகாது என்றேன். "நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள். ஜீப்பில் ஏறும்போது எவ்வளவு எளிமையாக விளக்கிவிட்டோம் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது, அவள் ஒரு வார்த்தை சந்தேகப்பட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்கு எழுந்து சொல்லிவிடலாம். இன்று வெளியிலிருந்து நிபுணர் குழு வருகிறது, பழைய கிணறுகளை அப்படியே விட்டுவிடலாமா, இல்லை ஒவ்வொன்றையும் திறந்து மறுபடி சிமெண்ட் போட வேண்டுமா என்று இன்று முடிவாகும், என் கோட்டை வைத்துத்தான் முடிவாகும். ஐயா, ஒரு விஷயம், உடைந்த மாதிரிகளை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. இவ்வளவுதான். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. ராத்திரி படுக்கையில் சொல்லிப் பார்த்தேன், ஆட்டோவில் சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் வாக்கியம் கொஞ்சம் மாறிவிடுகிறது, மாதிரித் தயாரிப்பில் சில வரம்புகள் இருந்தன என்று மாறுகிறது, அடுத்த கட்டத்தில் கீறல்களையும் ஆராய்வோம் என்று மாறுகிறது, கடைசியில் எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற மாதிரி ஒரு வாக்கியமாக ஆகிவிடுகிறது. எனக்கு இந்தக் கலை நன்றாக வரும். அப்புறம் இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி, சொல்லிவிடலாம் என்று எனக்குத் தைரியம் வருவதே நேர்மையால் இல்லை. ஜெசிந்தாவுக்குத் தெரியும், அதனால்தான். அவள் என்றைக்காவது யாரிடமாவது சொல்லுவாள், மேடத்துக்கு அன்றைக்கே தெரியும் என்பாள், அதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் மரியாதை மிஞ்சும். குழந்தை மாதிரி இருக்கிற அந்தப் பெண்ணுக்குப் பயந்துதான் உண்மை பேசப் போகிறேன். நேற்று மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்தபோது அவளைத் தனியாகக் கூப்பிட்டேன், மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று இப்போதும் நம்ப ஆசையாக இருக்கிறது. பக்கத்தில் வந்து நின்றாள். நாளைக்கு மூணு மணிக்கு நீ வர வேண்டாம், லேப்பைப் பார்த்துக்கோ என்றேன். சரி மேடம் என்றாள். நாக்கை வெட்டிப் போட்டாலும் தகும் என்று அப்போது தோன்றியது, வெட்டவில்லை, நேரே வீட்டுக்குப் போய் அதே நாக்கால் சாப்பிட்டேன்.

என் பையில் போன் அடிக்கிறது. அடித்து நிற்கிறது, மறுபடி அடிக்கிறது. கிரேஸ் எடுத்துப் பார்க்கிறாள். "ஜெசிந்தா லேப்புன்னு வருது மேடம், பேசறீங்களா?" நான் கண்ணை அசைக்கிறேன், ஆமாம் என்றா வேண்டாம் என்றா என்று எனக்கே தெரியவில்லை, அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டு என் நெஞ்சுக்கு மேலே பிடிக்கிறாள். "மேடம் ட்ரீட்மெண்ட்ல இருக்காங்க, பேச முடியாது, நீங்க சொல்லுங்க, கேக்கறாங்க." மெஷின் நின்றது. உமையாள் கையைத் தூக்கிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தாள். ஜெசிந்தாவின் குரல் அந்தச் சின்ன அறையில் தெளிவாகக் கேட்டது. "மேடம், தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. முந்தா நாள் வார்த்தத எல்லாம் காலைல அச்சுல இருந்து எடுத்துட்டேன் மேடம். எல்லாம் முழுசா வந்துட்டு. ஒண்ணுகூட உடையல." உடனே அடுத்ததையும் சொன்னாள். "நீங்க சொன்னது சரிதான் மேடம். என் கைதான் சரியில்லாம இருந்துருக்கு. டைரக்டர் சார் லேப் பக்கம் வந்தாங்க, அவங்கட்டயும் சொல்லிட்டேன், தப்பு என்னோடதுதான்னு. அதான் மேடம், உங்களுக்கு மீட்டிங்குக்கு முன்னாடி தெரியணும்னு. வச்சுடட்டுமா மேடம்?" கிரேஸ் என்னைப் பார்த்தாள். என் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. "சரிங்கறாங்க" என்று கிரேஸ் சொல்லி போனை அணைத்தாள். "நல்ல பொண்ணு போல" என்றாள் உமையாள், மறுபடி குனிந்தாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. முதலில் வந்தது அதுதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, அப்பாடா என்று இருந்தது, தோள் இரண்டும் நாற்காலியில் தளர்ந்து இறங்கின, டைரக்டரிடமே சொல்லிவிட்டாள், இனி யாரும் கேட்க மாட்டார்கள், கோடு படுத்துக்கொள்ளும், ஒரு விரற்கடை. எத்தனை நேரம் அப்படி நிம்மதியாகக் கிடந்தேன் என்று தெரியவில்லை. உமையாள் எதையோ குழைத்து, வைத்து, அழுத்தினாள், கடிங்க, மெதுவா கடிங்க என்றாள், கடித்தேன், பல் எது பஞ்சு எது என்று தெரியாமல் கடித்தேன். அப்புறம்தான் அது மெல்ல வந்து உறைத்தது. அந்தக் கலவை உடையாமல் வராது. என் கைடின் கையிலும் உடைந்தது, என் கையிலும் உடைந்தது, நார்வேக்காரர்கள் கையிலும் உடைந்தது, அதைக் கலக்கிற எவர் கையிலும் மூன்றில் ஒன்று உடையும். ஒன்றுகூட உடையவில்லை என்றால் அவள் உடைந்ததைத் தூக்கிப்போட்டுவிட்டாள் என்று அர்த்தம், தூக்கிப்போட்டுவிட்டு எண்ணாமல் விட்டாள் என்று அர்த்தம். நான் செய்வதை அவள் செய்துவிட்டாள். எழுந்து நின்று கேட்ட பெண், சமோசாவை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்ட பெண், ஒரே ராத்திரியில் கற்றுக்கொண்டாள். நான் கற்றுக்கொள்ள வருஷங்கள் எடுத்தன. படுத்திருந்த நிலையிலேயே கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "வலிக்குதா மேடம்?" என்று உமையாள் பதறினாள், "மரத்துதானே போயிருக்கு?" நான் தலையாட்டினேன்.

வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள், கொப்பளித்த தண்ணீர் உதடு எது என்று தெரியாமல் புடவையில் வழிந்தது. கிரேஸ் டிஷ்யூ கொடுத்தாள். உமையாள் ஏதேதோ சொன்னாள், ஒரு மணி நேரத்துக்கு எதையும் மெல்லக்கூடாது, நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த வாரம் வர வேண்டும். தலையாட்டிக்கொண்டே வெளியே வந்து, கீழே இறங்கி, படிக்கட்டு ஓரத்தில் நின்று, ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். எழுந்து நின்றிருப்பாள். என் குரல் குடித்தவள் குரல் மாதிரி குழறியது, ஆகவே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"எத்தனை உடைஞ்சது?"

"இல்ல மேடம், ஒண்ணும்..."

"ஜெசிந்தா. எத்தனை?"

பின்னால் லேப்பில் கலனின் பம்ப் டக் டக் என்று ஓடுவது கேட்டது.

"நிறைய மேடம்" என்றாள் கடைசியில். குரல் இறங்கிவிட்டது. "எப்பவும் போலதான். மேடம், சார்ட்ட சொல்லிடாதீங்க மேடம். எங்க அப்பாட்ட இந்த வேல நிரந்தரமாயிரும்னு சொல்லியிருக்கேன்."

"எங்க வச்சிருக்க அதையெல்லாம்?"

"சாக்குல போட்டு லேப்புக்குப் பின்னாடி வச்சிருக்கேன். சாயங்காலம் குப்பை வண்டி வரும்ல மேடம், குடுத்துருவேன். யாரும் பாக்கல."

பேக்கரியில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக் வாங்கிக்கொண்டு படியோரமாக என்னைக் கடந்து போனது, ஒரு குழந்தை என் கோணல் வாயை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல நினைத்தேன், அந்த வார்த்தைக்கு உதடு இரண்டும் சேர வேண்டும், சேரவில்லை என்று பிறகு எவரிடமாவது சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் சேர்ந்திருக்கும்.

"வண்டிக்குக் குடுக்காதே" என்றேன். "சாக்கோட எடுத்துக்கிட்டு மூணு மணிக்கு மீட்டிங்குக்கு வா. என் பக்கத்துல உக்காரு. நான் பேசறேன். ஒவ்வொண்ணா எடுத்து அவங்க முன்னாடி வச்சிடலாம்."

"சரி மேடம்."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இப்போதாவது ஏதாவது கேட்பாள், ஏன் மேடம் நேற்று அப்படிச் சொன்னீங்க என்று கேட்பாள் என்று நினைத்தேன், கேட்டால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன், கேட்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

"மேடம், கொண்டு வாரேன்" என்றாள் ஜெசிந்தா. "அங்க யாராவது கேட்டா, என் கையால உடைஞ்சதுன்னு சொல்லணுமா, சிமெண்ட்டே அப்படித்தான்னு சொல்லணுமா?"

குத்திக்காட்ட அவள் அதைக் கேட்கவில்லை. எது சரி என்று என்னிடமிருந்து தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.